ஏழு மணி வாடிக்கையாளர்

கோவில்பட்டியில் இன்று ஃபேஸ்புக்கில் எதைப் போடுகிறோமோ, அதற்கேற்ற வாடிக்கையாளர் நாளைக் காலை ஏழு மணிக்குக் கடை வாசலில் வந்து நிற்பார். படத்தில் எப்படியோ ஆளும் அப்படியே. ஒரு பதிவுக்கு ஒருவர். ஏழு அடித்து ஐந்து நிமிடமாகியும் யாரும் வரவில்லையென்றால் முந்தின நாள் நெட் சரியில்லை என்று அர்த்தம்.

நான் வீடு கட்டிக்கொடுக்கும் காண்டிராக்டர். 'வடிவு பில்டர்ஸ்' என்று என் மனைவி பேரில் பத்தொன்பது வருடமாக நடத்துகிறேன். அலுவலகத்தை வடிவுதான் பார்த்துக்கொள்கிறாள். ஊருக்கு நூற்றுச் சொச்சம் வீடு கட்டியாகிவிட்டது, நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். "நமக்கு எப்போ?" என்று அவள் கேட்பாள். "ஒரு நல்ல பார்ட்டி வரட்டும், அதை முடிச்சிட்டு நம்மளதை ஆரம்பிப்போம்" என்பேன். பத்தொன்பது வருடமாக இதே பதிலைச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது.

பதிவு போடுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. தினமும் ஒரு ரோஜாப்பூ படமும் 'இனிய காலை வணக்கம்' என்ற எழுத்தும் போட்டுக்கொண்டிருந்தேன். தினமும் ஒருவர் ரோஜாப்பூவோடு வந்து, வணக்கம் சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார். பொங்கல் வாழ்த்துக்கு ஒருவர் கரும்போடு வந்தார். வீடு கட்டுகிற எண்ணம் இவர்களில் யாருக்கும் இல்லை. வடிவு பாலை இரண்டு பாக்கெட் கூட்டி வாங்க ஆரம்பித்தாள்.

போன வருடம் கொஞ்சம் புத்தி வந்ததுபோல, நாங்கள் கட்டிய ஆறு வீடுகளை ஒரே படத்தில் ஒட்டிப் போட்டேன். மறுநாள் வந்தவர் வாரத்துக்கு ஒன்றாக ஆறு வீட்டையும் ஒரே மனையில் கேட்டார். மாடிப்படியைக் கிழக்கே வைத்தோம், மேற்கே கொண்டுபோனோம், பிறகு வெளியே இழுத்தோம். அவருக்கு மச்சினன்மார் ஆறு பேர். வாரத்துக்கு ஒரு மச்சினன் வந்து, "அத்தான், அந்தச் செவுரு எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சுவர்களைக் கட்டியவர் எங்கள் தலைமைக் கொத்தனார் ஞானதிரவியம். இடித்தவரும் அவர்தான். மூன்றாவது சுவரை இடித்த அன்று சாயங்காலம் சாந்து பூசுகிற கரண்டியைக் கழுவித் துடைத்து, பேப்பரில் சுற்றி, என் மேஜைமேல் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன் அண்ணாச்சி. நான் கட்டுனதை என் கையாலேயே இடிக்க இனிமே முடியாது. நல்ல பார்ட்டியா ஒண்ணு வந்தா இருக்கேன். இல்லேன்னா திருப்பூருக்கு மக வீட்டுக்குக் கிளம்பிருதேன்."

அவர் இல்லையென்றால் நான் பைக்கில் சும்மா சுற்றுகிற ஆள், அவ்வளவுதான். செங்கல் நான் சொன்னால் கேட்காது, அவர் சொன்னால் கேட்கும்.

மருந்துக்கடை மாடியில் ஷர்மிளா பானு என்று ஒருவர் இருக்கிறார். ஊரில் பழைய கடைகள் பதினொன்றுக்கு அவர்தான் பதிவு போடுகிறார். அவர் வேலையைக் கையிலெடுத்த பிறகு ஜவுளிக்கடைக்காரர் ஒருவருக்கு, எடுத்த புடவையை மாற்றக் கொண்டுவராத வாடிக்கையாளர்கள் மட்டுமே வருகிறார்கள். வியாழக்கிழமை காலையில் படியேறிப் போனேன். என் பக்கத்தை முழுக்கப் பார்த்துவிட்டு, "ரோஜாப்பூவே இருநூறு இருக்கே அண்ணாச்சி" என்றார்.

"மனசுக்கு நல்லாருந்துச்சு" என்றேன்.

"முடிஞ்ச வீட்டைப் போடாதீங்க. வேலை நடக்கும்போது எடுத்துப் போடுங்க. யாரு வேணும்கிறதைவிட யாரு வேண்டாம்னு எழுதுங்க. ஊருக்கே பேசாதீங்க, ஒரே ஒரு ஆளுகிட்ட பேசுங்க. படத்துலயும் அந்த ஒரு ஆளுதான் இருக்கணும்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினோம். நான் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். நடுவில் மாற்றச் சொல்கிறவர்கள் வரவேண்டாம். மச்சினன் உள்ளவர்கள் வரவேண்டாம். எங்கள் வேலையை ஒருமுறையாவது நின்று பார்க்காதவர்கள் வரவேண்டாம். மூன்று வரி எழுதியதும் பத்தொன்பது வருடம் அடக்கிவைத்ததைத் திட்டித் தீர்த்த மாதிரி ஒரு சுகம். நாலாவது வரியையும் சொன்னேன், அதை ஷர்மிளா வேண்டாம் என்று அழித்துவிட்டார்.

படத்துக்கு ராஜீவ் நகரில் நடக்கிற வேலைக்குப் போனோம். கட்டுகிற வீட்டின்மேல் கண் படாமலிருக்க முகப்பில் ஒரு திருஷ்டிப் பொம்மையைத் தொங்கவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். எங்களுடையது வைக்கோல் திணித்த பொம்மை. சட்டித் தலை, கரியால் போட்ட மீசை, என் பழைய கட்டம்போட்ட சட்டை. ஒரு வீடு முடிந்ததும் அதைக் கழற்றி அடுத்த வீட்டில் மாட்டுவோம். பத்தொன்பது வருடமாக ஒரே பொம்மைதான்.

ஷர்மிளா அதைக் கழற்றச் சொன்னார். ஞானதிரவியம் ஒத்துக்கொள்ளவில்லை. "தெருவுல போறவன் நாலு பேரு பாக்கறதுக்கே பொம்மை கட்டுதோம். போன்ல போட்டா எத்தனை கண்ணு" என்றார். நியாயமான பேச்சு. எனவே பொம்மையை வைத்தே படம் எடுத்தோம். ஆள் யாரையும் நிறுத்த மறந்துபோனோம். பொம்மை படத்தில் இருப்பது எங்கள் கண்ணுக்கு ஆள் இருப்பதாகவும் படவில்லை, இல்லாததாகவும் படவில்லை.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குப் பொம்மை வந்தது.

வடிவு நாற்காலியை இழுத்துப்போட்டாள். உட்கார வராது என்பதால் நாற்காலியில் சாய்ந்து நின்றுகொண்டது. காபி வேண்டாம், நனைந்தால் உலர நாளாகும் என்றது.

"எட்டு மணிக்குள்ள போய்த் தொங்கணும்" என்றது. "அதனால சுருக்கமாச் சொல்லுதேன். எனக்கு ஒரு வீடு வேணும். ஒரே ரூம் போதும். வாசல் எந்தத் திசையில இருந்தாலும் சரி. முதுகு சாய ஒரு செவுரு, மேல ஒரு கூரை. நூறு வீட்டை வெளியே இருந்தே பாத்தாச்சு. உள்ளே இருந்து ஒண்ணைப் பாக்கணும்."

ஞானதிரவியம் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மகள் வீட்டுக்குப் போகிற பை கையில் இருந்தது.

"நடுவுல மாத்தச் சொல்வீகளா?" என்று கேட்டார்.

"என்னால கழுத்தைத் திருப்பக்கூட முடியாது."

"மச்சினன்?"

"வைக்கோலுக்கு ஏது மச்சினன்."

"எங்க வேலையைப் பத்தி என்ன தெரியும்?"

"முத்தானந்தபுரத்துல அந்த டீச்சர் வீட்டு மாடிப்படி. மூணாவது படி மத்ததைவிட அரை இஞ்சு ஒசரம்" என்றது பொம்மை. "அன்னிக்கு உங்களுக்குக் காய்ச்சல். நான் எதுத்தாப்ல தொங்கிக்கிட்டு இருந்தேன்."

ஞானதிரவியம் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை வருடத்தில் எங்கள் வேலையை இவ்வளவு கவனமாகப் பார்த்த ஒரு வாடிக்கையாளரை நாங்கள் சந்தித்ததே இல்லை. ஞானதிரவியம் பையைக் கீழே வைத்தார். மேஜைமேல் இருந்த கரண்டியைப் பேப்பரிலிருந்து பிரித்தார்.

முன்பணமாகப் பொம்மை தன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி வைத்தது. வடிவு ரசீது எழுதிக் கொடுத்தாள். கிளம்பிப் போகும்போது அது வாசலில் நின்றது.

"ஒரு சந்தேகம். நான் பகல் பூரா ராஜீவ் நகர்ல தொங்குவேன். என் வீட்டுக்கு முன்னாடி யாரைத் தொங்கவிடுவீங்க?"

பூசணிக்காய் கட்டலாம் என்றால், அது ஒரு வாரத்தில் அழுகிவிடும். வடிவு என்னைப் பார்த்தாள். ஞானதிரவியமும் என்னைத்தான் பார்த்தார். வேலை நடக்கிற இடத்தில் எனக்கு வேறு வேலை என்ன இருக்கிறது என்று யோசித்தேன். ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை பொம்மையின் வீட்டுக்கு அஸ்திவாரக் கடகால் தோண்டினோம். இரண்டு சாரக்கம்பு நட்டு, இடுப்பிலும் அக்குளிலும் கயிறு கொடுத்து என்னைக் கட்டினார்கள். வடிவு கரியால் மீசையைப் பெரிதாக்கினாள். எட்டு முதல் ஆறு வரை. முதல் இரண்டு நாள் தோள் வலித்தது, அப்புறம் பழகிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, அங்கிருந்து பார்த்தால் வேலை நன்றாகத் தெரிகிறது. ஒரு கல் அரை நூல் விலகினாலும் கண்ணில் படுகிறது. முன்பெல்லாம் பைக்கில் வந்து ஐந்து நிமிடம் நின்று என்னத்தைப் பார்த்தேன் என்று தெரியவில்லை. ஞானதிரவியம் எனக்குப் பின்னால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கட்டினார். அவர் பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பொம்மை வாடிக்கையாளர் தன் வேலை முடிந்து வருவார். சுவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். ஒன்றும் மாற்றச் சொல்லமாட்டார். போகும்போது என் காலரை மட்டும் இழுத்துச் சரிசெய்வார்.

கூரை போடுகிற வாரம் ஷர்மிளா அடுத்த பதிவுக்குப் படம் எடுக்க வந்தார். ஞானதிரவியம் வழக்கம்போல, பொம்மை இல்லாமல் எடுக்கக்கூடாது என்றார், அங்கே தொங்கிக்கொண்டிருந்தது நான். பழைய மூன்று வரியையே கீழே போட்டு, சாயங்காலம் பதிவேற்றினார்கள். அன்று கயிற்றை அவிழ்க்கும்போது வடிவு ரொம்பநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஏழு மணிக்கு நீங்க ஆபீஸுக்கு வரணும்" என்றாள்.

"எனக்குத் தொங்கற வேலை இருக்கே."

"அது எட்டு மணிக்குத்தானே."

மறுநாள் சரியாக ஏழு மணிக்குப் போய் வாசலில் நின்றேன். வடிவு நாற்காலியை இழுத்துப்போட்டாள். உட்கார வரவில்லை, சாய்ந்து நின்றேன். நமக்கு ஒரு வீடு வேணும், இரண்டு ரூமும் ஒரு அடுப்படியும் போதும் என்றேன். அவள் முகத்தைப் பார்க்கலாம் என்றால் நேர் எதிரே இருந்த காலண்டர்தான் தெரிந்தது.

"நடுவுல மாத்தச் சொல்வீகளா?" என்று ஞானதிரவியம் கேட்டார்.

"இப்ப எனக்குக் கழுத்து திரும்பறதில்லை" என்றேன்.

"மச்சினன்?"

வடிவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அது அவருக்கே தெரியும், இருந்தாலும் எல்லோரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டார்.

மேல் பொத்தானைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். சட்டைக்குள்ளிருந்து கொஞ்சம் வைக்கோல் தரையில் விழுந்தது. வடிவு ரசீதை எழுதி என் பையில் செருகிவிட்டு, வைக்கோலைப் பெருக்கித் தள்ளினாள். எட்டு ஆக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.