நூல் கட்டிய ஸ்பிரிங்

திருக்கோவில் ஊருக்கு அருகில் லொறி ஒன்று உரசியதில் எங்கள் வீட்டு வேனில், பின்னால் பார்க்கும் வலப்பக்கக் கண்ணாடியின் கை தொங்கிப்போனது. உள்ளே ஸ்பிரிங் இரண்டு துண்டு. வேனின் பின் யன்னலை அலுமாரி வைத்து அடைத்திருந்தோம். அந்தக் கண்ணாடி இல்லாமல் வேனை றோட்டில் எடுக்க முடியாது.

போகாமல் இருக்க எனக்கு அது போதுமாக இருந்தது.

என் மனைவி அஸ்பியா மௌத்தாகி ஐந்து மாதம். டெங்கு கொண்டுபோனது. வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் பொருத்தி, பொட்டுவிலுக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவது அவளுடைய யோசனை. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குச் சீதனம். நான் கலியாணம் முடித்து வந்து குடியேறியவன். அடுத்த மாதம் அவள் தங்கை சிபானாவுக்குக் கலியாணம். வீடு இனி அவளுக்கு. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. வேன் சரியானதும் கோமாரிக் கடற்கரைக்குக் கொண்டுபோய் அதிலேயே இருக்கிறேன் என்று நான்தான் சொன்னேன். மூன்று வயது மகள் றுஸ்தாவைப் பற்றி நானும் கதைக்கவில்லை, அஸ்பியாவின் உம்மா மைமூனா மாமியும் கதைக்கவில்லை.

கராஜ் நிஸாம் பொருத்தமான ஸ்பிரிங் ஒன்று தந்தான். அதை அமுக்கிப் பிடித்தபடி ஆணியைச் செருக வேண்டும். ஒரு கிழமையாக ஒவ்வொரு முறையும் தெறித்து முற்றத்தில் விழுந்தது. நான் அவ்வளவாக முயலவும் இல்லை.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு மைமூனா மாமி தறியை விட்டு எழுந்து வந்தார். ஸ்பிரிங்கை வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கச் சொன்னார். சுருள்கள் ஒட்டியதும் தறி நூலைப் பல மடிப்பாக்கி மூன்று இடத்தில் கட்டினார். வைஸைத் தளர்த்தினேன். விரியவில்லை. கண்ணாடிக் கைக்குள் வழுக்கிக்கொண்டு போனது. ஆணியைச் செருகினேன். மாமி கத்தரிக்கோலால் நூலை வெட்டினார். கண்ணாடிக் கை விறைத்து நின்றது. தள்ளினால் மடங்கித் திரும்பி வந்தது.

"சரியா மகன்?"

"ஓம் மாமி."

அவர் நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்தார். அப்போதுதான் கேட்டேன்.

"புள்ளய நான் கொண்டு போகட்டா?"

"வேனுக்குள்ள எப்படி மகன் வளப்பீங்க? காச்சல் வந்தா ஆரு பாக்கிற?"

அஸ்பியாவின் காய்ச்சலுக்கு மூன்று நாள் குளிசை கொடுத்து வீட்டில் வைத்திருந்தது நான். நாலாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மாமி அதை ஒருநாளும் சொன்னதில்லை. நேற்றும் சொல்லவில்லை.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிஞ்சி வாங்க," என்றார். "சோறு திண்டு, புள்ளயையும் பாத்துட்டுப் போகலாம்."

விருந்துக்கு வருபவரிடம் சொல்வதுபோல் மரியாதையாகத்தான் சொன்னார். ஓம் என்றேன்.