கேப்டனின் இடது கால்

புதுப் பயிற்சியாளர் வந்து சேர்ந்த அன்று மைதானத்துப் பக்கமே போகவில்லை. நேராக அணி மருத்துவரின் அறைக்கு வந்தார். கடைசி ஒன்பது ஆட்டங்களில் எட்டில் தேசியக் கால்பந்து அணி தோற்றிருந்தது. இரண்டு வருடத்தில் மூன்று பயிற்சியாளர்கள் மூட்டை கட்டியிருந்தார்கள். வந்ததும் வராததுமாக ஆட்டக்காரர்களை நாக்குத் தள்ள ஓடவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவரோ கதவைச் சாத்தி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இருபத்து மூன்று பேரின் மருத்துவக் கோப்புகளையும் கேட்டார்.

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கீங்க," என்றார் புரட்டிப் பார்த்துவிட்டு. "ஒண்ணுமில்லாதவங்க இப்படி நொண்ட மாட்டாங்களே டாக்டர். ரெண்டு மாசமா இவங்க ஆடினதைத்தான் வீடியோல பாத்துட்டிருக்கேன். நாளைக்குக் காலைல உண்மையான பட்டியல் வேணும்."

மருத்துவரின் மேசை இழுப்பறையில் கேப்டனின் இடது கால் ஸ்கேன் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல். ஓய்வு கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும்; ஓங்கி ஒரு உதை விழுந்தால் இரண்டாக முறியும். ஐந்து மாதமாக அவருக்குத் தெரியும். கேப்டன் இல்லாவிட்டால் அரங்கம் நிறையாது என்று கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் சொல்லிவிட்டார். செயலாளர் வேறு யாருமல்ல, மருத்துவரின் மனைவிக்கு அண்ணன். இந்த வேலையே அவர் பிடித்துக் கொடுத்ததுதான். அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் வலி மரத்துப்போக ஊசி போட்டு, சதைப்பிடிப்புதான் என்று கேப்டனிடம் சொல்லி, தகுதிச் சான்றிலும் கையெழுத்துப் போட்டு வந்தார் மருத்துவர்.

மதியமே மச்சான் தொலைபேசியில் வந்துவிட்டார். மூடிய கதவுக்குள் பேசியது அவர் காதுக்கு எப்படிப் போனதோ. குரலில் கோபமே இல்லை.

"மாப்ள, அவன் காலுக்கு ஒண்ணுமில்லன்னு எழுதினது நீங்க. கையெழுத்து உங்களோடது, என்னோடது இல்ல. பாத்து நடந்துக்குங்க."

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். பள்ளி விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த அவள் பேனாவை மூடி வைத்தாள். "அண்ணனை எனக்குத் தெரியும். நீங்க சொன்னாலும் உங்களைக் கைவிட்டுடுவார், சொல்லாட்டியும் கைவிட்டுடுவார்," என்றாள். இருவருக்கும் அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை பட்டியல் இல்லாமலே மைதானத்துக்குப் போனார் மருத்துவர். ஒருவன் பந்தோடு ஓட, இன்னொருவன் சறுக்கிக்கொண்டு வந்து அதைப் பறிக்கும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கேப்டனின் முறை வந்தது. எதிரே நின்றவன் ஆள் மலை மாதிரி. முதல் சறுக்கலில் பந்து மட்டும் போயிற்று. இரண்டாவதில் பூட்ஸ் கேப்டனின் காலுறையை உரசியது. எலும்பு முறியும் சத்தம் மருத்துவருக்கு முன்கூட்டியே கேட்டது போலிருந்தது. மூன்றாவது முறை அந்த ஆள் ஓடிவரத் தொடங்கியபோது, மருத்துவர் தன்னை அறியாமல் நடுவே போய் நின்றுவிட்டார்.

"அவன் ஆடக்கூடாது. எலும்புல விரிசல் இருக்கு," என்றார்.

கேப்டன் தன் காலைக் குனிந்து பார்த்தான்.

"நீங்க சதைப்பிடிப்புன்னு சொன்னீங்களே டாக்டர்."

பயிற்சியாளர் கேப்டனைத் தரையில் உட்காரச் சொல்லிவிட்டு, வேறு யாருக்கு என்ன என்று கேட்டார். மருத்துவர் தட்டுத்தடுமாறி நாலு பேரைச் சொன்னார். பிறகு, அவருக்கே தெரியாத இரண்டு பேர் தாமாகக் கையைத் தூக்கினார்கள். அணியில் தங்கள் இடம் போய்விடும் என்று பயந்து வலியை மறைத்தவர்கள்தான்.

ஏழு பேரையும் சிகிச்சைக்கு அனுப்பிவிட்டு, சிறிய உள்ளூர் அணிகளில் ஆடிக்கொண்டிருந்த ஏழு பேரை அணியில் சேர்த்தார் பயிற்சியாளர். ஆட்டக்காரன் தானும் கையெழுத்துப் போடாமல் எந்தச் சான்றும் இனிச் செல்லாது என்றும் விதி வைத்தார். முதல் ஆட்டத்தில் நாலு கோல் வாங்கினார்கள். அணியின் பேருந்து மீது கல் விழுந்தது. கேப்டனைத் திரும்பக் கூப்பிடச் சொன்ன செயலாளரின் முன்னால் ஸ்கேனைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார் பயிற்சியாளர். மூன்றாவது ஆட்டம் சமன். ஐந்தாவதில் ஜெயித்தார்கள்.

விஷயம் செய்தித்தாள்களுக்குப் போனதும், தனக்கு எதுவுமே தெரியாது என்று செயலாளர் தொலைக்காட்சியில் சொன்னார். மருத்துவக் கவுன்சிலின் விசாரணையில், மருத்துவர் ஒரு வருடம் தொழில் செய்யக்கூடாது என்று தீர்ப்பானது.

எட்டு மாதம் கழித்துக் கேப்டன் மறுபடி ஆட வந்தான். மருத்துவரும் மனைவியும் சீட்டு வாங்கிக்கொண்டு மேல்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பாதி ஆட்டம் தாண்டியபோது எதிரணிக்காரன் ஒருவன் சறுக்கி வந்து காலில் மோதினான். கேப்டன் விழுந்தான். மருத்துவர் மனைவியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். கேப்டன் புரண்டு எழுந்து, புல்லைத் தட்டிவிட்டு ஓடினான்.

ஆட்டம் முடிந்து வெளியே வருகையில் பேருந்தில் ஏறப்போன கேப்டன் மருத்துவரைப் பார்த்துவிட்டான். ஒரு கணம் நின்றான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறிப்போனான். பேருந்து தெருமுனை திரும்பும் வரை மருத்துவர் அங்கேயே நின்றார். "வாங்க, போகலாம்," என்றாள் மனைவி, தன் கையைத் தடவிவிட்டபடி. மணிக்கட்டில் அவர் பிடித்த இடம் சிவந்திருந்தது.