நூற்றைம்பதுக்குள்

என் கணவர் கேசவமூர்த்திக்கு ஐம்பத்து மூன்று வயது. கடந்த மார்கழியில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஏழு மாதங்களுக்குப் பின்னர் அவர் மீண்டும் சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொள்வதற்கு மருத்துவர் ஒரே நிபந்தனையின் பேரில் இசைந்தார். நாடித்துடிப்பு நிமிடத்திற்கு நூற்றைம்பதைக் கடக்கலாகாது; கடந்தால் அக்கணமே இறங்கிவிட வேண்டும். ஆகவே மார்பில் அணியும் பட்டையையும், அது கைப்பிடியிலுள்ள திரைக்கு அனுப்பும் எண்ணையும் அவர் தம் உயிர்க்காவலாகக் கொண்டார்.

நானும் பந்தயத்தில் ஓட்டுபவள்; எனக்கும் அதே போன்ற பட்டை உண்டு. பந்தயத்திற்கு முதல் நாள் இரண்டையும் துவைத்து, எங்கள் அக்ரஹாரத்து வீட்டின் மடிக்கொடியில் உலர்த்தினேன். குளித்த பின்னரே, கோலால் மட்டுமே, அவற்றை எடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

"வேர்வைப் பட்டைக்கும் மடியா ஸுப்ரஜா? பெருமாளா சைக்கிள் மிதிக்கப் போறார்?" என்று அவர் கேலி செய்தார்.

விடியற்காலையில் குளித்துவிட்டு, ஈரப் புடவையுடன் பட்டைகளைக் கோலால் இறக்கினேன். அலமாரியிலிருந்த, நாணயம் அளவிலான இரு உணர்கருவிகளையும் அவற்றில் பொருத்தி, ஒன்றை அவரிடம் நீட்டினேன்.

ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு அப்பால், கால்வாய்ச் சாலையில் பந்தயம். போகப் பத்து கிலோமீட்டர், வரப் பத்து. ஒவ்வொருவரும் ஒரு நிமிட இடைவெளியில் தனியே புறப்பட்டு, கடிகாரத்தோடு போட்டியிட வேண்டும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசிற்று. போகும்போது அது முதுகைத் தள்ளும். திரும்பும்போது நெஞ்சில் மோதும்.

முந்தைய ஆண்டு உடலைச் சூடேற்றாமலே அவர் பாய்ந்து புறப்பட்டு, பாதி வழியில் தளர்ந்தார். இம்முறை இருவரும் வண்டிகளை, நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ட்ரெய்னரில் அருகருகே மாட்டி, இருபது நிமிடங்கள் வார்ம்-அப் செய்தோம். பத்து நிமிடம் மெதுவாக, பின்னர் மும்முறை ஒரு நிமிட வேகம், மீண்டும் மெதுவாக.

மெதுவாக மிதிக்கும்போதே என் திரை நூற்றெழுபத்தொன்று என்றது. பிறகு தொண்ணூற்றாறு. பிறகு நூற்றறுபத்தெட்டு.

"ஏன்னா, எனக்கு ஏதோ படபடன்னு இருக்கு போல."

"பயமா? என்னைப் பாரு, நூத்திருபத்தஞ்சு. கோவில் யானையாட்டமா நடக்கறது."

மகிழ்ச்சியில் அவர் முகம் மலர்ந்தது. நெற்றியில் வியர்வை மிகுதியாக இருந்ததை நான் கண்டேன். ஆயினும் எண்ணையே நம்பினேன்.

கடிகாரம் பிடித்திருந்த மல்லப்பன் கொள்ளேகாலைச் சேர்ந்தவர். "ஏனுங் சார், அக்கா தொரத்திக்கிட்டு வர்றாங்க, பாத்துப் போங்க" என்று சிரித்தார்.

"அவ என்னைப் பிடிக்கறதா? சும்னே இருங்கோ மல்லப்பா" என்று கன்னடம் கலந்து கூறி, என் கணவர் அம்பெனப் புறப்பட்டார்.

அவர் மறைந்ததும் என் திரையில் எண் அழிந்து, இரண்டு கோடுகள் மட்டும் நின்றன. பட்டை உலர்ந்தால் அவ்வாறு நிகழ்வதுண்டு. எனினும் வார்ம்-அப்பில் கண்ட எண்களை அஞ்சி, முதல் ஐந்து கிலோமீட்டர் முழுவதும் என்னை அடக்கிக்கொண்டே மிதித்தேன். மூச்சு சீராயிற்று. கால்களில் வலு சேர்ந்துகொண்டே வந்தது.

திரும்புமிடத்திற்கு முன்னர் அவர் எதிரே வந்தார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எங்கள் இடைவெளி குறைந்திருந்தது.

பதினொரு ஆண்டுகளில் ஒருமுறையேனும் நான் அவரைப் பிடித்ததில்லை. அதனால், எதிர்காற்றில் அவருடைய முதுகு சிறிது சிறிதாகப் பெரிதாகியபோது எனக்கு உவகையே உண்டாயிற்று. கரும்புத் தோட்டங்களின் நடுவே சாலை வெறிச்சோடிக் கிடந்தது. அவருக்கும் எனக்கும் இடையே நான்கு வண்டிகளின் நீளமே எஞ்சியபோது, என் திரையிலிருந்த கோடுகள் மறைந்து ஓர் எண் தோன்றியது.

நூற்றுத் தொண்ணூற்று நான்கு.

நான் சற்றுப் பின்தங்கினேன்; கோடுகள். நெருங்கினேன்; இருநூற்று மூன்று.

அவரை நெருங்கினால் மட்டுமே எண் வந்தது. உணர்கருவிகளை நான் மாற்றிப் பொருத்திவிட்டேன். ஒவ்வொரு திரையும் தனக்குரிய கருவியை மட்டுமே அறியும், அதுவும் சில அடி தொலைவிற்குள். காலையில் அவரை மகிழ்வித்த எண் என்னுடையது. என்னை அச்சுறுத்தியது அவருடையது.

"ஏன்னா! நிறுத்துங்கோ!"

"காத்துக்கு மறைவா என் பின்னாடி ஒட்டிக்காதே! மல்லப்பன் அபராதம் போட்டுடுவார்."

"உங்க பட்டை என்கிட்ட இருக்கு! நீங்க பாக்கறது என் நம்பர்!"

அவர் திரையை நோக்கினார். "வழியெல்லாம் கோடுதான், பட்டை காஞ்சிருந்தது. இப்போ நூத்தி நாப்பத்தெட்டு. தோக்கப் பயந்துண்டு கதை கட்டறியா?" குரல் இரண்டு துண்டுகளாக வந்தது.

விளக்கிச் சொல்ல நேரமில்லை. நான் முழு வலிமையோடு முந்திச் சென்று, என் வண்டியை அவர் வழியில் குறுக்காகத் திருப்பினேன். அவர் பிரேக்கைப் பிடித்து, என்னைத் திட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். வண்டி சரிந்தது. அவரைக் கால்வாய்க் கரைச் சுவரில் சாய்த்து அமர்த்தினேன்.

கைபேசியில் மல்லப்பனை அழைத்தேன். "கார் கெளம்பிருச்சுங்கக்கா. எட்டு நிமிசமுங்க. சாரைப் படுக்க வெக்காதீங்க, சாஞ்சாப்பல உக்கார வையுங்க."

என் கணவர் என் கையைப் பற்றியிருந்தார். அவருடைய உள்ளங்கை ஈரமாகவும் சில்லென்றும் இருந்தது.

"நிஜமாவே மாறிடுத்தா?"

"மாறிடுத்து. நான்தான் மாத்திட்டேன்."

"இப்போ எவ்வளவு? குறையறதா?"

என் வண்டியின் திரை அவருக்குப் புறங்காட்டி இருந்தது. எனக்கு மட்டும் தெரிந்தது. நூற்றுப் பத்து. எழுபத்திரண்டு. ஐம்பத்தைந்து.

"குறையறதுன்னா. பேசாதேங்கோ."

அவர் நிம்மதியாகக் கண்களை மூடினார். நான் சாலையின் கோடியைப் பார்த்தேன், கார் வரவில்லை. மீண்டும் திரையைப் பார்த்தேன். நாற்பத்தொன்று. இடக்கையால் அவர் தோளை உலுக்கிக்கொண்டே, வலக்கையால் அவருடைய சட்டைப் பித்தானைக் கழற்றத் தொடங்கினேன்.