ஆகாயத்தில் யார் பேர் முந்தி

மனிதகுலம் இதுவரை ஆகாயத்துக்கு அனுப்பிய செய்திகளிலேயே மரியாதை மிகுந்தவை, இராமநாதபுரம் மாவட்டம் கோரையேந்தல் கிராமத்திலிருந்துதான் அனுப்பப்பட்டன என்பது இதன்மூலம் உலகுக்கு அறிவிக்கப்படுகிறது. ஆண்டு இரண்டாயிரத்து ஒன்று. செல்போன் கோபுரம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தொலைபேசிக் கம்பியை யாரோ அறுத்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஆகவே ஒரு தொண்டு நிறுவனம் கண்மாய்க்கரையில் ஓட்டுக்கொட்டகை போட்டு, ஒரு கம்ப்யூட்டரும் கூரைமேல் ஆன்டெனாவும் சோலார் தகடும் வைத்துக் கொடுத்தது. தலைக்கு மேலே சின்னச் செயற்கைக்கோள் ஒன்று கடந்து போகும். அது ஏறி இறங்குவதற்குள், இங்கே தட்டுவது மண்டபம் ஊரிலுள்ள நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். போகிற வேகமோ பாரம் ஏற்றிய மாட்டுவண்டியின் வேகம்.

செய்தி சின்னதுதான். ‘கண்மாய் உடைப்பு’, ‘மாட்டு டாக்டர் வரவும்’, ‘மிளகாய் விலை என்ன’. ஆனால் ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்புநர் விவரம் ஏற வேண்டும். அங்கேதான் ஊர் விழித்துக்கொண்டது. ‘ஊராட்சி மன்றத் தலைவர், மேலத்தெருவின் விடிவெள்ளி, கல்விக்காவலர் திரு. மலையாண்டி அவர்கள்’ என்று தொடங்கும். கல்விக்காவலர் காத்த காவலில் பள்ளிக்கூடத்து ஓடுகள் அவருடைய மாட்டுக்கொட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. அடுத்தது, கொட்டகைக்கு இடம் கொடுத்த ‘கீழத்தெருவின் கர்ணன், கொடைவள்ளல் திரு. மூக்கையா அவர்கள்’. கொடுத்த இடம் புறம்போக்கு. அய்யனார் கோவிலில் முதல் விபூதி இந்த இருவரில் யாருக்கு என்ற ஆராய்ச்சியில் ஏற்கெனவே ஒருவனுக்குக் காது போயிருந்தது. இன்னொருவன் இடது கையால் சாப்பிடப் பழகியிருந்தான்.

கம்ப்யூட்டரில் தட்டியவள் சேதுலட்சுமி. பிளஸ் டூ முடித்தவள். தாய் தகப்பன் போன பிறகு தம்பி கூத்தையாவை ஆளாக்கியவள். அவன் மிளகாய்க் காட்டில் கூலிவேலை பார்த்தான். அவள் எவ்வளவு வேகமாகத் தட்டினாலும், பட்டங்கள் போய்ச் சேர்வதற்குள் செயற்கைக்கோள் பாதி வானத்தைத் தாண்டிவிடும். மாட்டைப் புதைத்த பிறகு மாட்டு டாக்டர் வருவார்.

இதைச் சரிசெய்ய மண்டபத்திலிருந்து இன்ஜினியர் ஜெய்னுலாபுதீன் பைக்கில் வந்தார்.

“எல்லாத்துலயும் இதே பேருதானே தங்கச்சி? ஒரு தடவ முழுசா அனுப்புவோம். மண்டபத்துப் பொட்டி ஞாபகம் வச்சுக்கிரும். அப்பறம் ‘ஒண்ணு’ன்னு போட்டாப் போதும், இன்னார்னு அதுவே புரிஞ்சுக்கிரும்.”

“மறந்துருச்சுன்னா?”

“இங்கன இருக்குற பொட்டி அணைஞ்சு மறுபடி எரிஞ்சா அந்தப் பொட்டி மறந்துரும். திரும்ப முழுசா ஒரு தடவ அனுப்பணும். அம்புட்டுத்தான்.”

பலித்தது. மிளகாய் விலை உடனே வந்தது. அதைப் பார்க்க வந்த மலையாண்டி திரையை உற்றுப் பார்த்தார்.

“எம் பேரு எங்கம்மா?”

“அந்த ஒண்ணுதான்யா நீங்க.”

அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆகாயத்திலேயே நான்தான் ஒண்ணு என்று டீக்கடையில் சொன்னார். டீ ஆறுவதற்குள் அது கீழத்தெருவுக்குப் போய்விட்டது. மூக்கையா ஆள்கட்டோடு கொட்டகைக்கு வந்தார். பின்னாலேயே மலையாண்டியும் அவர் ஆட்களும்.

“அவன் ஒண்ணுன்னா நான் என்னலே, சைபரா?”

“நீங்க ரெண்டு பேரும் சேந்துதாங்க ஒண்ணு,” என்றார் ஜெய்னுலாபுதீன்.

அதைக் கேட்டதும் இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் அருவாளை உருவின.

முதல் வெட்டு கதவுநிலையில் விழுந்தது. அடுத்தது மலையாண்டியின் மச்சினன் தோளில். எலும்பு வெளுப்பாகத் தெரிந்ததைப் பார்த்து அவனே ஆச்சரியப்பட்டு உட்கார்ந்துவிட்டான். ஒருவன் வாயில் கம்பு இறங்கியது. கண்மாய்க்கரை மண்ணில் பற்கள் கிடந்தன. கீழத்தெருக்காரன் ஒருவன் சோலார் தகட்டைப் பிடுங்கக் கூரையில் ஏறினான். காட்டிலிருந்து ஓடிவந்த கூத்தையா, அக்கா வேலை போய்விடுமே என்று அவன் காலைப் பிடித்து இழுத்தான். ஒயர் அறுந்து கம்ப்யூட்டர் அணைந்தது. அருவாள் கூத்தையாவின் தொடையில் இறங்கியது. அடிபம்பிலிருந்து வருவதுபோல் ரத்தம் விட்டு விட்டு வந்தது. சேதுலட்சுமி தாவணியைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். கட்டு நனைந்து சொட்டியது.

“பைக்ல குலுங்குனா ரத்தம் நிக்காது,” என்றார் ஜெய்னுலாபுதீன். அறுந்த ஒயரை முறுக்கிச் சேர்த்தார். கம்ப்யூட்டருக்கு மறுபடி உயிர் வந்தது. செயற்கைக்கோள் அப்போதுதான் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவள் தட்டினாள்: ‘1. கூத்தையா தொடையில் வெட்டு. ஆம்புலன்ஸ் அனுப்பவும்.’

மண்டபத்துப் பெட்டி பதில் சொன்னது: ‘1 யாரென்று தெரியவில்லை. முழு விவரம் அனுப்பவும்.’

மூக்கையா ரத்தம் வழிந்த அருவாளைத் தட்டச்சுப் பலகைமேல் வைத்தார். “அவன் பேரு முந்திப் போச்சுன்னா ஒங் கை இருக்காது.”

“மொறைய மாத்துனா கொட்டகையே இருக்காது,” என்றார் மலையாண்டி, கிழிந்த புருவத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டு.

“ரெண்டு பேரும் வேணாம்யா. எம் பேரப் போட்டு அனுப்புறேன். எந் தம்பி செத்துருவான்யா!”

“பொட்டப்புள்ள பேரு ஆகாயத்துல போறதுக்கா நாங்க வெட்டுப்பட்டு நிக்கிறோம்?” இதை மட்டும் இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

குரல் ஒன்றானதும் சமாதானம் பிறந்தது. ஒரு தடவை மலையாண்டி முந்தி, மறு தடவை மூக்கையா முந்தி. இரண்டு தடவையும் பட்டங்கள் குறையக் கூடாது. அதற்குக் கீழே ஆம்புலன்ஸ். எல்லோரும் அருவாளைத் தாழ்த்தினார்கள். யாரோ பீடி பற்றவைத்தான்.

“அக்கா, குளுருதுக்கா,” என்றான் கூத்தையா. சித்திரை வெயில் ஓட்டைப் பிளந்துகொண்டிருந்தது.

சேதுலட்சுமி எழுந்தாள். ஜெய்னுலாபுதீன் பைக்கை உதைத்தார். தம்பியை நடுவில் சாய்த்து, பின்னால் ஏறி, மிச்சத் தாவணியால் மூவரையும் சேர்த்துக் கட்டி, அவன் தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பைக் குலுங்கிக் குலுங்கிக் கருவேலங்காட்டுக்குள் நுழைந்தது. வழிநெடுகப் புழுதியில் சிவப்பாகப் புள்ளி விழுந்துகொண்டே போனது.

கொட்டகையில் தட்ட ஆளில்லை. மலையாண்டி தன் பட்டங்களை ஒற்றை விரலால் தானே தேடித் தேடித் தட்டினார். மூக்கையா தன்னுடையதைத் தட்டினார். பிறகு வரிசை மாற்றி மறுபடியும். மண்டபத்திலிருந்து பதில் வந்தது.

‘பெயர்கள் கிடைத்தன. செய்தி எதுவும் இல்லை.’