குளத்து மேஸ்திரி போட்ட தளம்

ஞானராஜ் மேஸ்திரிக்கு ஊர் வைத்த பெயர் குளத்து மேஸ்திரி. மனுஷன் ஒரு குளமும் வெட்டியதில்லை. அறுபத்தெட்டில் பள்ளிக்கூட முற்றத்துக்குத் தளம் போட்டவர், தண்ணீர் ஓட வாட்டம் வைக்க மறந்துவிட்டார். முதல் மழைக்கே கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கி, இரண்டு வாத்து வேறு வந்து இறங்கிவிட்டது. அன்றைக்குப் பிடித்த பெயர், அப்புறம் எத்தனை வீடு கட்டியும் விடவில்லை. யாராவது அப்படிக் கூப்பிட்டால் காது கேட்காதவர் மாதிரி நடையைக் கட்டுவார். உள்ளுக்குள் எரியும்.

எழுபத்து நாலில் கடத்தூர்ப் பக்கத்திலிருந்த அந்த ஊரின் மாதா கோயிலுக்குச் சீமையிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. பால் பவுடர் என்று திறந்தால், காலில் கட்டிக்கொண்டு ஓடுகிற சக்கரச் செருப்பு, பதினாறு ஜோடி! புள்ளைங்க விளையாடட்டும், ஒரு தளம் போடுங்கள் என்றார் பங்குச் சாமியார்.

என்ன தளம் என்பதில் ஊரே கூடிக் கத்தியது.

"களத்துக்கு மொழுகற மாதிரி சாணி போட்டு மொழுகிடலாங்க" என்றாள் சின்னம்மாள்.

"சக்கரம் பொதைஞ்சு போயிரும். தார் ஊத்தினாலும் சித்திரை வெயில்ல புள்ளைங்க அதுலயே ஒட்டிக்கும்" என்றார் ஞானராஜ்.

"அப்ப கருங்கல் பலகை போடு மச்சான்" என்றார் சவரி. ஞானராஜின் மனைவி ராஜமேரிக்கு அவர் அண்ணன். நக்கலுக்குப் பிறந்த ஆள்.

"கல்லுக்குக் கல்லு சந்துல சக்கரம் மாட்டும். சிமெண்ட்டுதான்."

சாமியார் சர்க்கார் பர்மிட்டுக்கு எழுதிப் போட்டு சிமெண்ட் வாங்கிக் கொடுத்தார். ஏறி இறங்கி விளையாட ஒரு சரிவு கட்ட மட்டும் மூன்று மூட்டையைத் தனியே எடுத்து வைத்தார்கள்.

இந்தத் தளத்தோடு அந்தப் பெயரைக் கழுவிவிட வேண்டும் என்று ஞானராஜ் வெறியாக வேலை செய்தார். போட்ட தளம் காய்ந்ததும் மேல் கோடியில் ஒரு குடம் தண்ணீர் கவிழ்த்தார். அது நிற்காமல் ஓடிக் கீழ்க்கோடியைத் தாண்டியது. "பாத்தியா ராஜமேரி, ஒரு சொட்டு நிக்கல!"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் கூடினார்கள். சவரி ஒரு சக்கரச் செருப்பைத் தளத்தின் மேல் வைத்தார். யாரும் தொடவில்லை. தண்ணீருக்கு வைத்த வாட்டத்தில் அது தானாக உருண்டு போய், கீழே இருந்த கல்லறைத் தோட்டத்துச் சுவரில் மோதியது.

"மச்சான், புள்ளைங்கள நேரா கல்லறைக்கே அனுப்பறியா?"

ஐயோ, அந்தச் சிரிப்பு! ஆனால் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். காலால் உந்தாமலே சக்கரம் ஓடுகிறதே! மோதி விழுந்து, முட்டி தேய்ந்து, மறுபடி மேலே ஏறினார்கள். சுவர் ஒன்றுதான் ஆபத்து.

ஞானராஜ் சாயங்காலம் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியிடம் சொன்னார்: "அந்த மூணு மூட்டைய வச்சு கீழ்க்கோடிய மேல்நோக்கித் தூக்கிட்டா, ஏறி வேகம் செத்து, புள்ளைங்க தானா நின்னுருவாங்க."

"ஏங்க, மழை பேஞ்சா நடுவுல தண்ணி நிக்குமே? ஒரு ஓட்டையாச்சும் விடுங்க."

"ஓட்டையில சக்கரம் மாட்டும்."

"அப்ப உங்க பேரு?"

"புள்ளைங்க மண்டை உடையறதுக்குப் பதிலா என் பேரு உடையட்டும் விடு" என்றார். மறுநாளே பூச்சுக் கரணையை எடுத்தார்.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த மறுநாள் காலையில் தளத்தின் நடுவில் ஜம்மென்று ஒரு குளம். பிள்ளைகள் மேலிருந்து வழுக்கி வந்து, இரண்டு பக்கமும் தண்ணீர் விசிறி அடிக்க, எதிர்ச்சரிவில் ஏறி நின்று கூச்சல் போட்டார்கள். சுவர்ப் பக்கம் ஒருத்தரும் போகவில்லை. ஊர் முழுக்க வேடிக்கை பார்த்தது.

"குளத்து மேஸ்திரீ!" கோயில் வாசலிலிருந்து சவரி கத்தினார்.

ஆறு வருஷமாக அந்தப் பெயருக்குக் காது கேட்காத ஞானராஜ், முழங்கால் வரை நனைந்து நின்றபடி திரும்பினார்.

"இங்கதான் மச்சான் இருக்கேன், வா! வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வா!"