திரும்பி வந்த மூன்றாவது சுரம்

வெள்ளவத்தையில் ஒரு தனியார் கிளினிக்கில் காது கேட்கிறதா என்று சோதிப்பதுதான் சுபாஷினியின் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாமன்கடையிலிருந்து நிம்றா தன் இரண்டு வயது மகள் அர்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கூப்பிட்டா சிலநேரம் திரும்புறா மிஸ், சிலநேரம் இல்ல. உம்மாண்டு ஒரு சொல்லும் வரல்ல."

பழைய கோப்பில் சுபாஷினியின் கையெழுத்தே இருந்தது. பிறந்து மூன்றாம் வாரம் செய்த சோதனை. இரண்டு காதும் பாஸ். அதற்கு மேல்வரியில்: கடுமையான செங்கமாரி (மஞ்சள் காமாலை), இரத்தம் மாற்றப்பட்டது.

அன்றைக்கு நடந்தது அவளுக்கு நினைவு வந்தது. பிள்ளையின் காதுக்குள் சின்ன முனையொன்றை வைத்து, இரண்டு ஒலிச் சுரங்களைச் சேர்த்து அனுப்பினாள். உள்காது நன்றாக இருந்தால், அந்த இரண்டிலும் இல்லாத மூன்றாவது சுரமொன்றைத் தானே உண்டாக்கித் திருப்பி அனுப்பும். அர்பாவின் காதுகள் அனுப்பின. ஆனால் அந்த ஒலி நரம்பு வழியே மூளைத்தண்டு வரை போகிறதா என்று அது சொல்லாது. அதற்குத் தலையில் மின்முனைகள் ஒட்டி இன்னொரு சோதனை செய்ய வேண்டும். செங்கமாரி நரம்பைக் கெடுக்கக்கூடியது என்பதால் இப்படியான பிள்ளைகளுக்கு அதைக் கட்டாயம் செய்ய வேண்டும். பிள்ளை தூங்கினால்தான் செய்யலாம். அர்பா தூங்காமல் வீறிட்டு அழுதாள். வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். "காது நல்லா இருக்கு, பயப்பட ஒண்டுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இன்னொரு நாள் வரச் சொல்லவுமில்லை.

இன்று அர்பா தாயின் மடியில் தூங்கினாள். இரண்டு சுரங்களும் போயின. மூன்றாவது தெளிவாகத் திரும்பி வந்தது. பிறகு மின்முனைகளை ஒட்டிச் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தாள். மூளைத்தண்டிலிருந்து வரவேண்டிய அலை ஒன்றுகூடத் திரையில் எழவில்லை. மூன்று தரம் செய்தாள்.

"பொறந்த நேரம் நல்லாத்தானே இருந்திச்சு?" நிம்றா கேட்டாள். "இது பொறகு வந்த ஒண்டா மிஸ்?"

ஓம் என்று ஒரு சொல் போதும். யாரும் கிளறிப் பார்க்கப் போவதில்லை.

"மாமி சொல்றாங்க, நான் போன்ல கார்ட்டூன் போட்டுக் குடுத்துத்தான் புள்ள இப்பிடி ஆகிட்டாண்டு. டொக்டர்மாரும் காது பாஸ்தானே, லேட்டாக் கதைப்பாண்டு அனுப்புறாங்க. ஒரு வருஷமா போனை அலுமாரில வச்சுப் பூட்டியிருக்கேன்."

சுபாஷினி கதிரையை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரே இருந்தாள்.

"இல்லை நிம்றா. இது அண்டைக்கே இருந்திருக்கும். நான் இன்னொரு டெஸ்ட் செய்திருக்க வேணும், செய்யேல்லை. பிள்ளை அழுதவ, எனக்கு அவசரம். பிழை என்ர. போனுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

நிம்றா மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த பசையை தலையில் போட்டிருந்த ஷோலின் நுனியால் துடைத்தாள்.

"ரெண்டு வருஷம் மிஸ்," என்றாள் கடைசியில். பிறகு, "இப்ப சொன்னத எழுதித் தாங்க. மாமிக்குக் காட்டணும்."

சுபாஷினி கிளினிக் தாளிலேயே எழுதி, பெயரும் திகதியும் இட்டுக் கொடுத்தாள். பொரளையில் காதுக்குள் கருவி பொருத்தும் நிபுணருக்குத் தானே போன் பண்ணி நாள் எடுத்தாள். அந்தக் கடிதத்தை ஏன் கொடுத்தாய் என்று மனேஜர் கத்தினார். வாரக் கடைசியில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வாங்கி மேசையில் வைத்தாள்.

அதே வாரம் பழைய கோப்புகளை இறக்கினாள். சுரச் சோதனையோடு மட்டும் அவள் அனுப்பிவிட்ட செங்கமாரிப் பிள்ளைகள் இன்னும் நான்கு பேர். போன் பண்ணிக் கூப்பிட்டதில் மூவர் வந்தார்கள், மூவருக்கும் நரம்பு நன்றாக இருந்தது. நான்காவது பிள்ளையின் வீட்டு நம்பர் வேலை செய்யவில்லை.

எட்டு மாதத்தில் அர்பாவுக்குக் கருவி பொருத்தினார்கள். பேச்சுப் பயிற்சிக்கு நிம்றா வேறு இடத்தைத் தேடிக்கொண்டாள். சுபாஷினி அதைக் குறை நினைக்கவில்லை. ஒருநாள் காலி வீதியில் தூரத்திலிருந்து கண்டாள்: காதுக்குப் பின்னால் கருவியோடு அர்பா, தாயின் கையைப் பிடித்து இழுத்தபடி. கிட்டப் போகத் துணிவு வரவில்லை.

அடுத்த ஞாயிறு, நான்காவது கோப்பில் இருந்த விலாசத்தைத் தேடி ஜிந்துப்பிட்டிக்கு பஸ் ஏறினாள்.