மேல் மூன்றில் ஒரு பங்கு

சட்டக் கல்லூரிக்குப் போன் செய்யப்போகிறேன் என்றதும் அப்பா கடையின் பின்னறைக்குப் போய் டை கட்டிக்கொண்டு வந்தார். போனில் டை தெரியாது என்று நான் சொல்லவில்லை. டெட்ராய்ட்டில் முப்பது வருடமாகக் கம்பளம் விற்கிற ஹ்ராண்ட் டெர்சியன், பல் டாக்டரிடமே சொத்தைப் பல்லுக்குத் தள்ளுபடி கேட்டவர், படிப்பு என்றால் மட்டும் தேவாலயத்துக்குள் நுழைந்தவர் மாதிரி குரலைத் தாழ்த்திவிடுவார்.

எனக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. ஒன்று, பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காரும் கல்லூரி. உதவித்தொகை ஒரு காசு கிடையாது. மூன்று வருடம் முடித்து மூன்று லட்சம் டாலர் கடனோடு வெளியே வரலாம். மற்றது எங்கள் மாநிலத்திலேயே இருப்பது. பெயரைச் சொன்னால், "அது எங்க இருக்கு?" என்பார்கள். அங்கே கட்டணம் முழுவதும் இலவசம். சங்கதி கடிதத்தின் நான்காம் பத்தியில் இருந்தது: முதல் வருட முடிவில் வகுப்பின் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், தவறினால் மீதி இரண்டு வருடமும் முழுக் கட்டணம். அவர்களே வெளியிட்ட கணக்கைத் தேடிப் படித்தேன். போன வருடம் எண்பது பேருக்குக் கொடுத்து, நாற்பத்து நான்கு பேரிடம் பிடுங்கியிருக்கிறார்கள். நல்ல வியாபாரம்தான், கடைக்காரர் மகளுக்குப் புரியாதா? ஆனால் அந்த எண்பது பேரும், 'நான் தோற்க மாட்டேன்' என்றுதான் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

எந்தக் கல்லூரி என்று அன்று மாலை ஐந்துக்குள் முன்பணம் கட்டியாக வேண்டும். மணி நாலே கால்.

"நிபந்தனைய எடுக்கச் சொல்லிக் கேக்கப்போறேன்ப்பா."

"ஐயோ தாலின், வேணாம்மா. சும்மா குடுக்கறாங்க, நன்றி சொல்லிட்டு வச்சிடு. கோவிச்சுக்கிட்டு இதையும் எடுத்துட்டா?"

"பேசறது நீங்கதானா? போன வாரம் பத்து டாலருக்காக ஒரு ஆளைக் கார் வரைக்கும் துரத்திட்டுப் போனீங்களே!"

"அது கம்பளம்டி."

போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். எடுத்த பெண்மணி இனிமையாகத்தான் பேசினார். "மேல கேட்டுச் சொல்றேன்மா. ஆனா ஒண்ணு, கேட்டோம்னா உங்களுக்குக் குடுத்ததையே அவங்க முதல்லேருந்து பார்ப்பாங்க. கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். கேக்கட்டுமா?"

அப்பா இரண்டு கைகளாலும் வேண்டாம் வேண்டாம் என்று காட்டினார். "கேளுங்க" என்றேன்.

"லைன்லயே இருங்க" என்றார். பியானோ இசை தொடங்கியது.

நாலரைக்கு ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். சுவரோரம் கிடந்த நீலக் கம்பளத்தை விலை கேட்டார். இரண்டாயிரத்து நானூறு என்றார் அப்பா, கண்ணைப் போனிலிருந்து எடுக்காமல். வந்தவர் தொண்டையைச் செருமி, சண்டைக்குத் தயாராக, "ஆயிரத்து இருநூறு" என்றார்.

"எடுத்துக்கங்க."

பிறந்ததிலிருந்து இந்தக் கடையில் வளர்ந்தவள் நான். முதல் விலைக்கு அப்பா தலையாட்டி ஒருநாளும் பார்த்ததில்லை. வந்தவருக்கும் அது பழக்கமில்லை போல. பாதி திறந்த பர்ஸை மூடினார். "ஏன், இதுல என்ன குறை?"

அப்பாவின் கண் போனிலேயே இருந்தது. வந்தவர் முழங்காலிட்டுக் கம்பளத்தின் மூலையைப் புரட்டினார். முடிச்சுகள் மேல் உள்ளங்கையை வைத்து, எங்கேயாவது ஓட்டை தட்டுப்படுகிறதா என்று அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டு போனார். ஒன்றும் அகப்படாமல் போகப் போக அவர் முகம் வெளிறியது. பியானோ சட்டென்று நின்றது. எதிர்முனையில் யாரோ காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.